சாவியைக் கேட்பதற்கு முன்

எண்பது வயதுக்காரர் ஓட்டிய கார் எங்காவது ஆட்கள் மேல் ஏறியது என்று செய்தி வந்தால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும்: ‘வயசானவங்க கையில வண்டியைக் குடுக்கவே கூடாது.’ 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் சாலையைக் கடந்துகொண்டிருந்தவர்கள் மேல் பாய்ந்து, ஒரு தாயும் அவருடைய மூன்று வயது மகளும் இறந்துபோனார்கள். ஜப்பான் முழுக்க அப்போது ஒலித்தது இந்தக் குரல்தான். அந்தக் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கோபம் அடங்கிய பிறகும் அந்தத் தீர்ப்பு அப்படியே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு நாள் ஒரு மகனோ மகளோ அதையே திருப்பிச் சொல்லி அப்பாவிடம் கை நீட்டுகிறார்கள். எனக்கு உறுத்துவது அந்த இடம்தான்.

வயது என்பது ஒரே ஒரு எண். வண்டி ஓட்டுவதோ பத்துப் பதினைந்து வேலைகள் சேர்ந்த ஒன்று. இடைவெளியைக் கணிப்பது, கழுத்தைத் திருப்புவது, இருட்டில் சாம்பல் நிறச் சட்டைக்காரரைக் கண்டுபிடிப்பது, காலை ஒரு பெடலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எல்லாம் அதில் அடக்கம். இவை எல்லாம் ஒரே நாளில் மங்குவதில்லை. ஒருவருக்கு முதலில் மங்குவது இன்னொருவருக்குக் கடைசி வரை தெளிவாக இருக்கலாம். குடித்துவிட்டு ஓட்டுவது, தாறுமாறான வேகம் ஆகிய இரண்டு பெரிய குற்றங்களில் முதியவர்களின் பங்கு குறைவு. அவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஜங்ஷனில், பட்டப்பகலில், பழக்கமான தெருவில்.

முதியவர்களின் விபத்து மரணங்கள் அதிகம் என்ற புள்ளிவிவரத்தையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். முப்பது வயது உடம்பு நான்கு நாள் வலியோடு தப்பிக்கும் மோதலில் எண்பது வயது விலா எலும்புகள் நொறுங்கிவிடும். ஓடிய தூரத்துக்கு இத்தனை மரணம் என்று கணக்கிடும்போது முதியவர்களிடம் தெரியும் உபரி, பெரும்பாலும் இந்த உடல் நொய்மையால் வருவது என்று 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்னொரு சிக்கலும் உண்டு. குறைவாக ஓட்டுபவர் எந்த வயதினராக இருந்தாலும் கிலோமீட்டருக்கு இத்தனை விபத்து என்ற கணக்கில் மோசமாகவே தெரிவார். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டருக்கும் கீழே ஓட்டுபவர் ஊருக்குள்ளேயே சுற்றுகிறார். அவர் கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஜங்ஷன்கள், பார்க்கிங், குறுக்கே வரும் ஆட்கள். நெடுஞ்சாலையில் எளிதாகச் சேரும் கிலோமீட்டர்கள் அவர் கணக்கில் வருவதே இல்லை. அதனால் ‘ஓட்டுவதைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க’ என்ற அறிவுரையை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். குறைப்பதென்றால் எதைக் குறைப்பது என்று சொல்லாவிட்டால், சுலபமான பயணங்கள் போய் சிக்கலான பயணங்கள் மட்டும் மிஞ்சும். கைப்பழக்கமும் கூடவே போய்விடும்.

பின்லாந்தும் ஸ்வீடனும்

இந்த விஷயத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 1996-ல் வந்த ஓர் ஒப்பீடு. பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே மாதிரிக் குளிர், ஒரே மாதிரிச் சாலைகள். பின்லாந்தில் 70 வயதானால் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனை கட்டாயமாக இருந்தது. ஸ்வீடனில் வயதை வைத்து எந்தப் பரிசோதனையும் இல்லை. பின்லாந்தின் முதிய ஓட்டுநர்கள் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி எந்தப் பலனும் கண்ணில் படவில்லை. மாறாக, காரில் இல்லாமல் சாலையில் இருந்த முதியவர்கள் பின்லாந்தில் அதிகம் இறந்திருந்தார்கள். டென்மார்க் 2006-ல் எழுபதைத் தாண்டியவர்களுக்கு நினைவாற்றல், சிந்தனைத் திறன் சோதனையைக் கொண்டுவந்தது. அங்கேயும் முன்னும் பின்னுமான கணக்கைப் பார்த்தபோது முதிய ஓட்டுநர்களின் மரணம் குறையவில்லை. நடந்தும் சைக்கிளிலும் போன முதியவர்களின் மரணம் கூடியிருந்தது. பிறகு அந்தச் சோதனையையும், 2017-ல் வயதை மட்டும் வைத்து நடந்த மருத்துவப் பரிசோதனையையும் டென்மார்க் கைவிட்டது.

காரணத்தை யூகிப்பது கஷ்டமில்லை. சோதனை என்றதும் விலகிக்கொள்பவர் பெரும்பாலும் அபாயமானவர் அல்ல. ஜாக்கிரதையானவர், கூச்சப்படுபவர், ‘எதுக்கு வம்பு’ என்று நினைப்பவர்தான் முதலில் விலகுகிறார். தன் மீது அசாத்திய நம்பிக்கை உள்ளவர் எப்படியாவது தேறி வந்து விடுகிறார். விலகியவர் வீட்டிலேயே அடைந்து கிடப்பதில்லை, நடந்து போகிறார். பாதசாரி சிக்னலின் நேரத்தைப் பல இடங்களில் நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துத்தான் காலங்காலமாகக் கணக்கிட்டு வந்தார்கள். 12 மீட்டர் அகலச் சாலைக்கு அந்தக் கணக்கில் 10 நொடி. முழங்கால் வலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 15 நொடி தேவை. மிச்சம் 5 நொடி அவர் நடுச்சாலையில் நிற்கிறார், சுற்றி இரும்புக் கூடு எதுவும் இல்லாமல். வீட்டோடு இருந்துவிடுபவரின் கதை வேறு: ஓட்டுவதை நிறுத்திய முதியவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகளின் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது.

ஆக, சாவியை முன்கூட்டியே பிடுங்குவதும் ஆளைக் கொல்லும், செய்தியில் வராது, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘ஓட்டலாமா, கூடாதா’ என்று கேட்க வாய் வருவதில்லை. எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எந்த வண்டியில், எந்தத் திருப்பத்தை என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

குறுக்குத் திருப்பம்

முதிய ஓட்டுநர்களின் மோதல்களில் அடிக்கடி வருவது எதிர்வரும் வண்டிகளின் பாதையை அறுத்துக்கொண்டு திரும்புவது. சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அது வலது திருப்பம். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடது. தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கணிக்க வேண்டிய இடம் இது. வயதாக ஆக, வரும் வண்டியின் வேகத்தைக் கண் பிடிப்பது குறைந்து, அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுப்பது கூடுகிறது. 100 மீட்டர் தள்ளி வரும் வண்டி மணிக்கு 50 கிலோமீட்டரில் வந்தால் நம்மை எட்ட 7 நொடிக்குச் சற்று மேலாகும். 90-ல் வந்தால் 4 நொடிதான். நின்ற நிலையிலிருந்து நிதானமாகக் கிளம்பி இரண்டு லேனைக் கடக்க, முடிவெடுக்கும் நேரத்தையும் சேர்த்து, 5 முதல் 6 நொடி பிடிக்கும். முதல் வண்டிக்கு முன்னால் தாராளமாகப் போய்விடலாம். இரண்டாவது வண்டி நேராகக் கதவில் வந்து இறங்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே 100 மீட்டர்தான்.

இதற்கு நல்ல மருந்து அந்தத் திருப்பத்தையே எடுக்காமல் இருப்பது. ஜங்ஷனை நேராகக் கடந்து, அடுத்த தெருவில் சுலபமான பக்கம் திரும்பி, மறுபடி திரும்பி, மறுபடி திரும்பினால் போக வேண்டிய திசை வந்துவிடும். நான்கைந்து நிமிடம் கூடுதலாகும். தவிர்க்கவே முடியாத ஜங்ஷன் என்றால், திரும்புவதற்கென்று தனி அம்புக்குறி சிக்னல் உள்ள இடமாகப் பார்த்து வழியை மாற்றலாம். ரவுண்டானா பலருக்குப் பிடிக்காது. ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வண்டி வருவதாலும் வேகம் குறைவாக இருப்பதாலும், நேர் ஜங்ஷனை விட அது முதியவர்களுக்கு நல்லது. இரண்டு லேன் உள்ள பெரிய ரவுண்டானாவுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது.

தினமும் போகும் ஜங்ஷன் ஒன்று தவிர்க்க முடியாததாக இருந்தால், அதை நொடிக்கணக்கில் பழக வேண்டும். பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்து, வரும் வண்டிகள் ஒரு மின்கம்பத்தையோ மரத்தையோ தாண்டியதிலிருந்து ஜங்ஷனை எட்டுவது வரை எண்ணட்டும். அந்தச் சாலையின் வேகமான வண்டிகளுக்கு 8 நொடி பிடிக்கும் அடையாளம் எது என்று தெரிந்துகொண்டால், அதற்கு இந்தப் பக்கம் எதுவுமே இல்லாதபோது மட்டும் கிளம்பலாம். தூரத்தைக் கண்ணால் ஊகிக்கும் வேலை இதோடு நின்றுவிடும். காத்திருக்கும்போது சக்கரம் நேராக இருக்க வேண்டும். முன்கூட்டியே ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்திருந்தால், பின்னால் ஒருவன் இடித்தாலும் வண்டி எதிர்ப்பாதைக்குள் தள்ளப்படும். முன்கண்ணாடியின் பக்கத் தூண் ஒரு மோட்டார் சைக்கிளையே முழுசாக மறைக்கும் அகலம் கொண்டது. தலையை ஒரு முறை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் கால் எடுக்க வேண்டும். பின்னால் ஹாரன் அடிப்பவனைப் பற்றி: அவன் அடித்துக்கொண்டே இருக்கட்டும். அவசரக் கிளம்பல்களில் பலவும் அந்த ஹாரனுக்குப் பயந்து நடப்பவை.

கண் டாக்டரின் அட்டை சொல்லாதது

‘கண் டாக்டர் எல்லா எழுத்தையும் படிச்சிட்டேன்னு சொல்லிட்டார்’ என்பது பெரிய ஆறுதல் இல்லை. நல்ல வெளிச்சத்தில், வெள்ளை அட்டையில், கறுப்பு எழுத்து. சாலையில் அப்படி எதுவும் வருவதில்லை. அந்தி நேரத்தில் சாம்பல் நிறச் சாலையில் சாம்பல் நிற வண்டி விளக்கில்லாமல் வரும். அதைப் பிரித்தறியும் திறன், அட்டையைப் படிக்கும் திறனுக்கு முன்பே தேயத் தொடங்கும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. கண்மணி முன்போல விரிவதில்லை, லென்ஸும் மஞ்சளாகிறது. அதே லென்ஸ் எதிர்வரும் ஹெட்லைட்டைச் சிதறடித்துக் கூசவும் வைக்கிறது. கூச்சத்திலிருந்து மீளும் நேரமும் நீள்கிறது. எனவே கண் பரிசோதனைக்குப் போகும்போது எழுத்து அட்டையோடு நிற்காமல், மங்கலான வேறுபாட்டைப் பிரித்தறியும் திறன் (கான்ட்ராஸ்ட்), கூச்சம், பக்கப்பார்வை மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கண் நரம்பைப் பாதிக்கும் குளுக்கோமாவில் பக்கப்பார்வை குறைவது நோயாளிக்கே தெரியாது. இல்லாத இடத்தை மூளை எதையாவது வைத்து நிரப்பிவிடும்.

கண்புரை இருந்தால் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. கண்புரை அறுவை செய்துகொண்ட முதிய ஓட்டுநர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாதவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான் என்று 2002-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு கண் முடிந்து அடுத்த கண்ணுக்குக் காத்திருக்கும் வாரங்களில் இரண்டு கண்ணுக்கும் பார்வை பொருந்தாமல் ஆழம் குழம்பும். அந்த இடைவெளியில் ராத்திரி ஓட்ட வேண்டாம். ராத்திரி ஓட்டத்துக்கு என்று விற்கும் மஞ்சள் கண்ணாடி ஒரு ஏமாற்று. உள்ளே வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் அது வடிகட்டுகிறது. அந்தக் காசில் மூக்குக்கண்ணாடிக்குப் பிரதிபலிப்பு எதிர்ப்புப் பூச்சு போட்டுக்கொள்ளலாம். அகலமான காது தண்டு உள்ள பிரேம் பக்கப்பார்வையை மறைக்கும். மெல்லியதாக வாங்க வேண்டும்.

வண்டிப் பக்கமும் வேலை இருக்கிறது. முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி மெல்லிய படலமாகப் படியும். பகலில் தெரியாது, எதிர் வெளிச்சத்தில் கண்ணாடி முழுக்கப் பால் பூசியது போல ஆகிவிடும். ஆல்கஹால் கலந்த கண்ணாடித் திரவம், இரண்டு மைக்ரோஃபைபர் துணி, ஒன்றால் துடைத்து மற்றதால் உலர்த்தினால் போதும், மாதம் ஒரு முறை. ஹெட்லைட் மூடி மஞ்சளாகி இருந்தால் பாலிஷ் போட வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். டேஷ்போர்டு விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் வெளியே தெளிவாகத் தெரியும். லோ பீமில் நம்பிப் பார்க்க முடிவது பெரும்பாலும் 50, 60 மீட்டர்தான். சுதாரிக்க 2 நொடி எடுத்துக்கொள்பவர் மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் நிற்க ஏறத்தாழ 53 மீட்டர் ஆகும். 80-ல் போனால் 80 மீட்டர். ராத்திரியே கூடாது என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வதை விட, விளக்கில்லாத சாலையில் ராத்திரி 60-க்கு மேல் வேண்டாம் என்று சொல்வது காதில் ஏறும். மழை ராத்திரி மட்டும் விதிவிலக்கு, அன்றைக்கு வண்டியே எடுக்க வேண்டாம்.

இரண்டு பெடல்

இகெபுகுரோவில் நடந்தது பெடல் மாற்றம். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிடுவது. இது முதியவர்களுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் 20 வயது வரையிலான இளைஞர்களும் 76-ஐத் தாண்டியவர்களும் இரண்டு முனையிலும் தூக்கலாக இருந்தார்கள். இடம் பெரும்பாலும் பார்க்கிங். வேகமே இல்லாத இடத்தில் இது நடப்பதற்குக் காரணம், அங்கேதான் உடம்பு அதிகம் முறுக்கப்படுகிறது. ரிவர்ஸ் எடுக்க இடுப்பைத் திருப்பினால் தொடை நகரும், தொடையோடு பாதமும் சில சென்டிமீட்டர் நகரும். டிக்கெட் எடுக்க ஜன்னல் வழியே எட்டினாலும் அதேதான். திரும்பி வரும் கால், பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதை மிதிக்கிறது.

அதற்கு அடுத்த நொடிதான் கொடுமை. வண்டி பாய்ந்ததும் ஓட்டுபவர் இன்னும் பலமாக மிதிப்பார். தான் மிதிப்பது பிரேக்தான் என்று அவர் உறுதியாக நம்புகிறார், பிரேக் பிடிக்கவில்லை என்று நினைக்கிறார். பின்னால் விசாரணையில் ‘பிரேக்கை அழுத்தினேன், நிக்கல’ என்று சொல்பவர்களில் பலர் பொய் சொல்வதில்லை. அதனால் ‘பிரேக்கை மிதிங்க’ என்று கற்றுத் தருவதில் பயனில்லை. கற்றுத் தர வேண்டியது வேறு: வண்டி எதிர்பாராமல் பாய்ந்தால் முதலில் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்க வேண்டும். பிறகுதான் பிரேக், கூடவே கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவது. இதை வாயால் சொன்னால் போதாது. நிறுத்தி வைத்த காரில், இன்ஜினை அணைத்துவிட்டு, ‘பாயுது’ என்று ஒருவர் சொன்னதும் காலைத் தூக்கும் பயிற்சியைச் சில நாள் விட்டுச் சில நாள் செய்ய வேண்டும்.

வராமல் தடுப்பது இன்னும் சுலபம். குதிகாலை பிரேக்குக்கு நேர் முன்னால் தரையில் ஊன்றி, விரல் பகுதியை மட்டும் சாய்த்து ஆக்சிலரேட்டரைத் தொடுவது; காலை முழுசாகத் தூக்கித் தூக்கி வைப்பது கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கிங்கில் தானாகவே ஊர்ந்து போகும், அங்கே ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, பிரேக்கைத் தளர்த்துவதும் பிடிப்பதும் போதும். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டும் முன் கியர் ‘பி’க்குப் போக வேண்டும். ரிவர்ஸில் திரும்பிப் பார்த்த பிறகு, நகரும் முன் ஒரு முறை பிரேக்கை அழுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். செருப்பு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கலாம்: பின்பட்டை இல்லாத செருப்பும் தடித்த அகலமான அடியும் வேண்டாம், மெல்லிய அடி உள்ள பின்பட்டைச் செருப்போ ஷூவோ வேண்டும். தரைவிரிப்பு மேல் இன்னொரு விரிப்பைப் போடக் கூடாது. நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையும், எந்தப் பெடல் என்பதைக் கால் சொல்லாது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை இரண்டு நிமிட வேலை; ஓட்டுபவர் என்று சொல்லிக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

கிளட்ச் உள்ள வண்டியில் நாற்பது வருடம் ஓட்டியவருக்கு எழுபத்தெட்டில் ஆட்டோமேட்டிக் வாங்கித் தருவது பாசத்தில் செய்யும் தவறு. அவசரத்தில் இடது கால் கிளட்சைத் தேடிப் போய் அகலமான பிரேக்கை மிதிக்கும், வண்டி நட்டநடுச் சாலையில் நிற்கும். இல்லையென்றால் இரண்டு காலும் சேர்ந்து இறங்கும். மாற்றுவதாக இருந்தால் அறுபதுகளின் நடுவிலேயே மாற்ற வேண்டும், புதிய பழக்கம் ஊறுவதற்குக் காலம் இருக்கும்போது. தாமதமாக மாறினால், இடது காலைச் சீட்டுப் பக்கம் பின்னுக்கு மடித்து வைத்துக்கொண்டு காலி மைதானத்தில் நாலைந்து நாள் ஓட்டிய பிறகே சாலைக்கு வர வேண்டும்.

சீட்டும் கண்ணாடியும்

இது அரை மணி நேர வேலை, டேப் ஒன்று போதும். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், ஏர்பேக் விரிய இடம் வேண்டுமே. கண் மட்டம் ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பை விட 7 அல்லது 8 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். வயதானால் முதுகு குறுகி உயரம் குறையும். பத்து வருடத்துக்கு முன் வைத்த சீட் நிலை இன்றைக்குப் பொருந்தாது. உறுதியான பஞ்சு மெத்தை வைத்து உயர்த்தலாம், நழுவும் துணி மெத்தை கூடாது. பிரேக்கை அடி வரை அழுத்தியபோதும் முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும். ஹெட்ரெஸ்டின் உச்சி தலை உச்சிக்குச் சமமாக, தலைக்குப் பின்னால் ஒரு கைப்பிடி இடைவெளிக்குள்.

கழுத்து திரும்பாதவர்களுக்குச் சைடு மிரரை வைக்கும் முறையே மாற வேண்டும். பெரும்பாலோர் தங்கள் வண்டியின் பக்கவாட்டையே மிரரில் பார்த்துக்கொண்டு போகிறார்கள். தலையை ஓட்டுநர் பக்க ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, அந்தப் பக்க மிரரில் வண்டியின் ஓரம் மயிரிழை அளவுக்குத் தெரியும் வரை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பிறகு தலையை வண்டியின் நடுப்பகுதிக்குச் சாய்த்து மறுபக்க மிரரை அதே மாதிரி வைக்க வேண்டும். நேராக உட்கார்ந்ததும் சொந்த வண்டி தெரியாது, அது சரிதான். தாண்டிச் செல்லும் வண்டி நடு மிரரிலிருந்து மறையும்போதே சைடு மிரரில் தெரியத் தொடங்கும், அதிலிருந்து மறையும் முன் ஓரக்கண்ணில் தெரியும். பழக ஒரு வாரமாகும், முதல் இரண்டு நாள் எரிச்சல் வரும்.

மருந்துப் பெட்டி

தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான பென்ஸோடயஸபைன் வகை, வலிக்கான ஓபியாய்டு, அமிட்ரிப்டிலின், சளிக்கு என்று சாதாரணமாக விழுங்கும் குளோர்ஃபெனிரமைன் எல்லாமே சுதாரிக்கும் நேரத்தை நீட்டும். தூக்கம் கலைந்தாலும் மருந்து கலைவதில்லை. ஸோல்பிடெம் மாத்திரையில் காலையிலும் மருந்து ரத்தத்தில் மிஞ்சி ஓட்டுதலைப் பாதிக்கிறது என்று 2013-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், கடையில் சீட்டில்லாமல் வாங்கியது உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போய் ‘நான் வண்டி ஓட்டுகிறேன்’ என்ற ஒரு வாக்கியத்தோடு மருத்துவர் முன் வைப்பது நல்லது. தானாக எதையும் நிறுத்தக் கூடாது. இன்சுலின் போடுபவர் கிளம்பும் முன் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் சர்க்கரை பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தாழ்சர்க்கரை வந்திருந்தால் அளவு சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் விதி. மூளை சர்க்கரையை விடத் தாமதமாகத்தான் தெளிகிறது.

புதிய வண்டி, புதிய சத்தங்கள்

முன்னால் மோதல் வந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி, முன்வண்டியின் பின்புறம் இடிக்கும் விபத்துகளைப் பாதியாகக் குறைத்திருக்கிறது. வாங்குவதென்றால் முதலில் அதைப் பார்க்க வேண்டும், அடுத்து ரிவர்ஸ் கேமரா, அதற்கடுத்து தடை முன்னால் இருக்கும்போது ஆக்சிலரேட்டரைக் கட்டுப்படுத்தும் வசதி. இத்தகைய வசதியுள்ள வண்டிகளை மட்டும் ஓட்டலாம் என்ற வரம்புள்ள உரிமத்தையே ஜப்பான் 2022 மே மாதம் கொண்டுவந்தது. ஓட்டலாம், கூடாது என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு படி போட்டது அந்த ஏற்பாடு, எனக்கு அது பிடித்திருக்கிறது. லேன் எச்சரிக்கை போன்றவை பலருக்குத் தொந்தரவு. எது எதற்குக் கத்துகிறது என்று தெரியாமல் பதறுவதை விட அணைத்து வைக்கலாம். ஒரு வசதியைப் பழகி முடித்த பிறகே அடுத்ததை இயக்க வேண்டும். ஏசியைக் கூட தொடுதிரையில் தேட வேண்டிய வண்டியை எந்த விலையிலும் வாங்க வேண்டாம்.

ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு இவை எதுவும் உதவாது. அங்கே முதலில் போவது நிற்கும்போது தரையில் கால் ஊன்றும் பலம். எடை குறைந்த, சீட் தாழ்ந்த வண்டிக்கு மாறலாம். காரை விடுவதற்குப் பல வருடம் முன்பே இருசக்கர வண்டியை விட வேண்டி வரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து சீட்டிலிருந்து

பேசுவதற்கு முன் உடன் போக வேண்டும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில், வாயை மூடிக்கொண்டு. பார்க்க வேண்டியவை: பச்சை விழுந்தும் கிளம்பாமல் நிற்கிறாரா, லேனில் ஒரு பக்கமாகவே ஒதுங்குகிறாரா, நேர்ச்சாலையில் வேகம் ஏறி இறங்குகிறதா, பேசினால் ஓட்டம் தடுமாறுகிறதா. வண்டியில் புதுக் கீறல் இருந்து அது எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை என்றால் அதைக் குறித்து வையுங்கள். வீட்டில் செய்து பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. 20 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைக் கண்ணாடியோடு படிக்க முடிய வேண்டும், பிரிட்டனில் இதுவே சட்டம். 3 மீட்டர் வேகமாக நடந்து திரும்பி வர 9 நொடிக்கு மேல் ஆனால் காலின் வேகம் குறைந்திருக்கிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தவறினால் உடனே நிறுத்த வேண்டும் என்று பொருளில்லை. இயன்முறை சிகிச்சையில் கால் பலம் திரும்புவதுண்டு. ஓட்டுதல் மதிப்பீட்டில் பயிற்சி பெற்ற தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) கிடைத்தால், அவரோடு சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும் விட நம்பகமானது.

பேச்சை ஒருவர் மட்டும் தொடங்க வேண்டும், மகன், மகள், மருமகன் என்று சபை கூடினால் அது விசாரணை ஆகிவிடும். இடித்துவிட்டு வந்த அன்று பேசக் கூடாது. பேரப்பிள்ளைகள் முன்னால் எப்போதும் கூடாது. ‘அப்பா, பெரிய ஜங்ஷன்ல அந்தத் திருப்பம் மட்டும் வேண்டாம்ப்பா. பள்ளிக்கூடத் தெரு வழியா சுத்திப் போனா சிக்னல் இருக்கு, நாளைக்கு ரெண்டு பேரும் போய்ப் பாப்போமா?’ இப்படிக் கேட்டால் பதில் சொல்ல ஏதாவது இருக்கும். ‘உங்களுக்கு வயசாச்சுப்பா’ என்பதற்கு அவர் என்னதான் பதில் சொல்வார்?

இவ்வளவும் தன்னைத் தானே கணித்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு. டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்தால் முதலில் போவதில் ஒன்று அந்தக் கணிப்புதான், அங்கே பேரம் பேச முடியாது. ஆரம்பக் கட்டத்திலேயே எல்லோரும் நிறுத்த வேண்டியதில்லை என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறு மதிப்பீடு வேண்டும். பழகிய வழியில் தொலைந்துபோவது, இரண்டு பெடலில் எது எது என்று தடுமாறுவது, எதிர்த்திசையில் நுழைவது ஆகியவற்றில் ஒன்று ஒரு முறை நடந்தாலே நிறுத்திவிட வேண்டும். சாவியை ஒளித்து வைத்தால் அவர் தினமும் தேடுவார், திருடர் என்று வீட்டில் ஒருவரைச் சந்தேகப்படுவார். வண்டியையே வாசலிலிருந்து அப்புறப்படுத்துவது மேல்.

வேறு காரணங்களால் நிறுத்துபவர்களுக்கு மாற்று ஏற்பாடு முன்கூட்டியே தொடங்க வேண்டும், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வாரம் ஒரு நாள் வாடகைக் காரிலோ பஸ்ஸிலோ போய்ப் பழகும் அளவுக்கு முன்பே. ஒரு மாதத்தில் அவர் எங்கெல்லாம் போகிறார் என்று எழுதிப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் கூட்டிப்போக ஆள் தானாகக் கிடைப்பது தெரியும். விடுபட்டுப்போவது நண்பர் வீடு, சாயங்கால நடைக்கான பூங்கா, வேலையே இல்லாமல் சும்மா போய்வரும் இடம். அவற்றுக்குத்தான் முதலில் ஏற்பாடு வேண்டும். காருக்கு வருடம் ஆகும் எரிபொருள், இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு தொகை வரும், பெரும்பாலான வீடுகளில் நினைத்ததை விடப் பெரிய தொகை. அதை மாதா மாதம் அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும், எங்கே போனீர்கள் என்று கணக்குக் கேட்காமல்.